கார்த்திகைக்கு மிஞ்சிய மழை

கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை என்பார்கள். கார்த்திகை கழிந்தால் பெருமழை இல்லை என்று அர்த்தம். சீர்காழிப் பக்கம் சம்பாவுக்கு நாற்று விடுகிற தேதி, எடுக்கிற ரகம், அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைக்கிற நாள், உளுந்து தெளிக்கிற நாள் எல்லாமே இந்த ஒரு வரியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. 2022 நவம்பரிலும் 2023 பிப்ரவரியிலும் ஒரே பயிர் இரண்டு தடவை அடி வாங்கிய பிறகு நான் அந்தப் பழமொழியைச் சொல்வதில்லை. ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். ஆறு மாவில் சிஆர் 1009 சப்-1 என்ற நெல் ரகம் (இனி சிஆர்), மூன்று மாவில் வெள்ளைப் பொன்னி. கணக்கைக் கடைசியில் சொல்கிறேன். எங்கெங்கே தப்பு நடந்தது என்பதுதான் அடுத்தவருக்கு உபயோகம்.

நவம்பர் 11 இரவு தொடங்கிய மழை விடிவதற்குள் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. 122 வருஷத்தில் இப்படி ஒரு மழை இல்லை என்றார்கள். சிஆர் அப்போது நாற்று விட்டு எழுபத்தைந்து நாளை ஒட்டிய பயிர், பக்கத் தண்டுகள் வெடித்துத் தூர் கட்டி முடிகிற நேரம். பொன்னி நட்டு ஒரு மாதம். காலையில் போய்ப் பார்த்தால் வரப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை, ஒரே வெள்ளைத் தகடு. மழை நின்ற பிறகும் தண்ணீர் இறங்கவில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: "கடல் வாங்கல." நவம்பர் 8 பௌர்ணமி. பௌர்ணமி, அமாவாசை கழிந்த இரண்டு மூன்று நாளைக்கு ஓதம், அதாவது கடல் ஏற்றம், பெரிதாக இருக்கும், வடகிழக்குக் காற்றும் கடலைக் கரைப் பக்கமே தள்ளும். வடிகால் போய் விழுகிற உப்பனாற்றில் தண்ணீர் எதிர்த்து நிற்கும்போது நம் வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. நான் விடிய விடிய ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தேன். மணிக்கு ஒரு லிட்டர் டீசல். இறைத்த தண்ணீர் வாய்க்காலில் நின்று, கீழ்மடைக்காரர் வயலைச் சுற்றிக்கொண்டு திரும்ப எனக்கே வந்தது. ஓதம் வற்றுகிற நேரம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும். மீன்பிடிக்கிற ஆட்களைக் கேட்டால் மணி சொல்வார்கள். அந்த நேரத்தில் மட்டும் இறைத்திருந்தால் டீசலில் பாதி மிஞ்சியிருக்கும். அதோடு, ஒரே வடிகாலில் விழுகிற வயல்காரர்கள் சேர்ந்து இறைக்க வேண்டும், கடைமடையில் இருப்பவர் முதலில். ஒருத்தர் மட்டும் இறைப்பது அடுத்தவர் தலையில் ஊற்றுவதுதான். புரட்டாசியிலேயே வடிகாலில் இருக்கிற ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் எடுத்துவிட வேண்டும். வேரோடு எடுக்காமல் வெட்டிப் போட்டால் காட்டாமணக்கு வெட்டின துண்டிலிருந்தே துளிர்க்கும்.

ஆறு நாள் மூழ்கிக் கிடந்ததில் சிஆர் பிழைத்தது, பொன்னி அங்கங்கே அழுகிச் சொட்டை விழுந்தது. சப்-1 என்று பெயரில் ஒட்டியிருப்பது ஒரு மரபணு. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற நாட்டு ரகத்திலிருந்து எடுத்தது. சாதாரணப் பயிர் மூழ்கினால் தண்ணீருக்கு மேலே வரத் தாவி நீளும், இருந்த சத்தெல்லாம் அதிலேயே செலவாகி, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப்-1 உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்தி மூச்சடக்கிக் கிடக்கும், பத்திலிருந்து பதினான்கு நாள் வரை தாங்கும். ஆனால் இது இளம்பயிருக்கு மட்டும்தான். பூத்த பிறகு, கதிர் முற்றிய பிறகு மூழ்கினால் சப்-1 என்கிற பெயர் எந்த வேலையும் செய்யாது. விதை வாங்கும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. "வெள்ளத்துக்கு ஏத்த ரகம்" என்ற ஒரே வார்த்தையில் பிப்ரவரிக்கும் சேர்த்துத் தைரியமாக இருந்துவிட்டேன்.

அடுத்த தப்பு யூரியா. பயிர் வெளுத்துப்போய் நிற்பதைப் பார்த்ததும் மனசு தாங்கவில்லை. முழங்கால் தண்ணீர் இருக்கும்போதே பொன்னிக்கு ஒரு மூட்டை வீசினேன். அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு, பச்சை திரும்பவில்லையே என்று இன்னொரு மூட்டை. முறையாகச் செய்ய வேண்டியது இது: தண்ணீர் முழுக்க வடிந்து, வேருக்குக் காற்று படும்படி ஓரிரு நாள் விட்டு, ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி மூடி வைத்து, காலையில் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து வீச வேண்டும். வேர் இன்னும் எழும்பவில்லை என்றால் 200 லிட்டர் தண்ணீரில் யூரியா 2 கிலோ, ஜிங்க் சல்பேட் 1 கிலோ கரைத்து இலையில் தெளிக்கலாம். வேர் அடங்கிக் கிடக்கும்போது இலைவழிதான் சத்து உள்ளே போகும். பொட்டாஷை விலைக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். தண்டுக்குக் கெட்டி அதுதான். நான் பொன்னிக்குப் போடாமல் விட்டேன். வெறும் யூரியாவில் கருகரு என்று வளர்ந்த பயிருக்கு முதலில் தண்டில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சி வந்தது, பிறகு சாய்ந்தது. பிப்ரவரி நஷ்டத்தில் பாதியை நவம்பரிலேயே என் கையால் விதைத்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

கடல் எதிர்த்து ஏறிய வயல் என்றால், வடிந்த பிறகு மண்ணின் உப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மண் பரிசோதனை அட்டையில் மின்கடத்தும் திறன் என்று ஒரு எண் இருக்கும். அது 3 டெசிசீமனைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். மழைத் தண்ணீரைத் தேக்கி இரண்டு மூன்று தடவை வடிப்பதுதான் மலிவான வைத்தியம். ஜிப்சம் சோடியம் ஏறிய களர் நிலத்துக்கு. வெறும் உப்பு ஏறிய நிலத்துக்கு அதைக் கொட்டுவதில் பெரிய லாபம் இல்லை.

தை பிறந்ததும் எல்லாரையும் போல நானும் மூச்சு விட்டேன். சிஆர் நன்றாகவே தேறியிருந்தது. ஜனவரி கடைசி வாரம் இரண்டு ரகமும் ஒன்றாகப் பழுத்தன. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தபோதும், தையில் என்ன பெரிதாகப் பெய்துவிடப் போகிறது, தை மழை நெய் மழை, நாலு துளி விழும் என்றுதான் பேசிக்கொண்டோம். 2021 ஜனவரியில் இதே டெல்டாவில் அறுக்கிற பயிர் முளைத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் நாங்கள். அது ஏதோ ஒரு வருஷத்துக் கூத்து என்று ஒதுக்கிவிட்டோம். கடல் சூடேறினால் மேலே போகிற ஈரம் கூடும். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அப்புறம் எந்த மாதத்தில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தாலும் பெய்தால் கொட்டித்தான் தீர்க்கும். பிப்ரவரி 2 அதிகாலை அது இலங்கைக் கரையைக் கடந்தது. டெல்டா முழுக்க விடாத மழை. பிப்ரவரி 5 தைப்பூசம், அதாவது மறுபடியும் பௌர்ணமி. மறுபடியும் கடல் வாங்கவில்லை.

இங்கே முடிவெடுக்க வேண்டிய நேரம் ஜனவரி 29, 30. நூறு மணியில் எண்பது மணி பழுத்திருந்தால் அறுத்துவிட வேண்டும், மீதிப் பச்சைக்காகக் காத்திருக்கக் கூடாது. நான் காத்திருந்ததற்குக் காரணம் ஈரப்பதம். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். வருஷா வருஷம் 22 சதவீதமாகத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், தளர்வு வந்து சேர்வதற்குள் நெல் நிறம் மாறியிருக்கும். 24 சதவீதத்தில் அறுத்தால் காயவைக்க ஆள் கூலி, எடையும் குறையும் என்று பயந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். 24 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல், 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 91.5 கிலோ நிற்கும். போவது எட்டரைக் கிலோ, அதுவும் வெறும் தண்ணீர். நான் இழந்தது அதைப்போலப் பல மடங்கு, அத்தனையும் மணி.

மூன்றாம் தேதி பொன்னி முழுக்கப் பாய் விரித்தது போல் படுத்துவிட்டது. நாலைந்து குத்தைச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தலாம் என்று ஆள் கூப்பிட்டேன். பால் பிடிக்கிற பயிருக்கு அது சரி. முற்றிய கதிரைத் தூக்கினால் மணி சேற்றில் கொட்டும். அரை மா கட்டிப் பார்த்து நிறுத்தினேன். ஐந்தாம் தேதி ஒரு கதிரைக் கையில் எடுத்தால், ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக ஒரு முளை, ஊசி முனை அளவுக்கு. சில கதிரில் பச்சையாகவே இரண்டு இலை. நாற்றங்காலில் பார்த்தால் சந்தோஷப்படுகிற காட்சி. வரப்பில் உட்கார்ந்து அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. பக்கத்து வயலில் நத்தை குத்தி நாரைகள் வரிசையாக இறங்கி நின்றன, அவற்றுக்கு அது ஐப்பசிதான். இந்த முளைப்பைத் தடுக்க ஒரு வழி உண்டு என்பது எனக்கு எட்டாம் தேதிதான் தெரிந்தது: 5 சதவீத உப்புக் கரைசல். 200 லிட்டர் தண்ணீருக்குச் சாப்பாட்டு உப்பு 10 கிலோ, மழை விட்ட இடைவெளியில் கதிர் நனையும்படி தெளிப்பது. முளை கிளம்புவதற்கு முன்னால் அடித்தால்தான் பலன். ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், ஏற்கெனவே உப்புத் தட்டிய மண் என்றால் யோசித்துச் செய்யுங்கள். தெளிப்பானை உடனே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் துரு பிடித்துவிடும்.

ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான். ஊரில் எல்லாருக்கும் ஒரே நாளில் பெல்ட் வண்டி வேண்டும் என்றால் வாடகை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மணிக்கு 2,800 கொடுத்தேன். நின்ற பயிரை ஏக்கருக்கு ஒரு மணி நேரத்தில் அறுக்கிற வண்டி, படுத்த பயிரில் இரண்டரை மணி நேரம் எடுத்தது. அரசு வேளாண் பொறியியல் துறை வண்டிக்கு உழவன் செயலியில் பதிந்து வைக்கலாம், வாடகை குறைவு. ஆனால் பொங்கலுக்கு முன்பே பதிய வேண்டும், மழை பெய்த பிறகு இல்லை. வண்டி வந்தால் மூன்று விஷயம் நின்று பாருங்கள். பனி ஏறிய காலையில் இறக்காமல் பதினொரு மணிக்கு மேல் இறக்கச் சொல்லுங்கள். பயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கதிர் கத்திக்குக் கீழே போய்விடும். மணிக்கணக்கு வாடகை என்பதால் ஓட்டுபவர் மெதுவாகப் போனால் உங்களுக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலை அடக்கிக்கொள்ளுங்கள், வேகமாகப் போனால் வைக்கோலோடு நெல்லும் பின்னால் பறக்கும். முளைத்த பகுதியைத் தனியாக அறுத்துத் தனியாகக் கொட்ட வேண்டும். நான் வண்டி கிடைத்த பரபரப்பில் பொன்னியையும் சிஆரில் ஒரு மூலையையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டேன். கெட்டது, முளைத்தது, நிறம் மாறியது எல்லாம் சேர்த்துக் கொள்முதல் நிலையத்தில் 5 சதவீதம்தான் அனுமதி. ஒரு மூலை நெல், ஒரு குவியலையே கெடுத்தது.

ஈர நெல்லைக் குவித்து வைத்தால் ஒரே நாளில் உள்ளே சூடு ஏறும். கையை விட்டுப் பார்த்தால் சோற்றுப் பானை மாதிரி இருக்கும், அதற்குப் பிறகு அரிசி பழுப்பேறிப் போகும். இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்கு மேல் பரப்பாமல், அரை மணிக்கு ஒரு தடவை காலால் கோடு போட்டுக் கிளறி, ஐந்து மணிக்குப் பனி இறங்குவதற்கு முன் மூட வேண்டும். தார்ச்சாலையில் உச்சி வெயிலில் காயப் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் மணி உள்ளுக்குள் விரிசல் விட்டு அரைக்கும்போது நொய்யாகும். கடித்தால் டக்கென்று உடைய வேண்டும் என்பார்கள். அந்தப் பக்குவத்தை நம்பி நான் இரண்டு தடவை வண்டி வைத்துக் கொள்முதல் நிலையம் போய்த் திரும்பினேன், மீட்டரில் 19, பிறகு 18.2. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஈரப்பதமானி வாங்கிவிடுவது, இரண்டு நடை வாடகையைவிட லாபம். இணையவழிப் பதிவும் சிட்டா அடங்கலும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். குத்தகைக்காரர் என்றால் கிராம நிர்வாக அலுவலர் சான்றுக்கு இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பற்றி நான் புரிந்து வைத்திருந்தது அநேகமாக எல்லாமே தப்பு. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் நம் பங்கு, கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. அந்த 44 சென்டிமீட்டர் மழை வந்தது 11ஆம் தேதி. ஊரில் மின்சாரம் இல்லை, இ-சேவை மையத்தில் தண்ணீர். நல்லவேளை, நான் அக்டோபரிலேயே கட்டியிருந்தேன். பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும், சொன்னேன், படமும் அனுப்பினேன். ஆனால் 2018இல் மாற்றிய விதிப்படி, தண்ணீரில் வளர்கிற பயிர் என்று சொல்லி நெல் மூழ்குவதைத் தனி வயல் இழப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அறுவடைக்குப் பின் 14 நாள் பாதுகாப்பு என்பதும் அறுத்து வயலில் பரப்பிக் காயவைத்த கதிருக்குத்தான், மெஷின் அடித்த நெல்லுக்கு இல்லை. ஆக அந்தப் பருவத்தில் மிஞ்சியது கிராமக் கணக்கு ஒன்றுதான். கிராமத்தில் நாலு வயலில் பயிர் அறுவடைச் சோதனை செய்து சராசரி பார்ப்பார்கள். அது உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால்தான் எல்லாருக்கும் பணம். அந்த நாலு வயல் எது, எந்தத் தேதியில் என்று வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டு, அங்கே போய் நில்லுங்கள். மேட்டு வயலில் மழைக்கு முன் எடுத்த சோதனையா, பள்ளத்தில் மழைக்குப் பின் எடுத்ததா என்பதில் ஒரு ஊரின் பணமே மாறும்.

இப்போது கணக்கு. நல்லபடி முடிந்திருந்தால் சிஆர் 44 குவிண்டால், பொன்னி 16 குவிண்டால். அந்தப் பருவத்தில் மாநில ஊக்கத்தொகையோடு பொது ரகம் 2,115, சன்ன ரகம் 2,160. ஆக 1,27,620 ரூபாய் வந்திருக்க வேண்டும். கிடைத்தது மொத்தமே 34.8 குவிண்டால். அதில் கொள்முதல் நிலையம் எடுத்தது 20.8, அதற்கு 43,992. மீதி 14 குவிண்டாலை வியாபாரி 1,350க்கு எடுத்தார், 18,900. வரவு 62,892. செலவு, அறுப்புக்கு முன்னால் 72,000. நவம்பரில் உரம், மருந்து, டீசல் 6,000. அறுப்பு 21,000. காயவைத்தது, தார்ப்பாய் வாடகை 6,300. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஈரப்பக்குவத்தில் தெளித்த உளுந்து விதை 36 கிலோ, 4,320. அது முளைத்தவுடன் தண்ணீரில் அழுகிப்போனது. இதுதான் எங்கள் பக்கத்தில் பிப்ரவரி மழையின் இரட்டை அடி: நெல்லோடு, அடுத்த மூன்று மாதச் செலவுக்கு நம்பியிருந்த உளுந்தும் போகும். நனைந்து கறுத்த வைக்கோலை மாடு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மொத்தத்தில் ஏறக்குறைய 47,000 கைநஷ்டம். ஹெக்டேருக்கு 20,000 என்று அரசு அறிவித்த நிவாரணத்தில் 24,000 பிறகு வந்தது. நகைக்கடனுக்கு வட்டி கட்டினேன், நகை அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு செய்கிற மாற்றங்கள் சின்னவைதான். பொன்னியை விட்டுவிட்டேன். ஒன்பது மாவையும் ஒரே வாரத்தில் பழுக்கிற மாதிரி வைப்பதில்லை. ஆறு மாவுக்கு ஆகஸ்ட் முதல் வாரம் நாற்று விட்டால் 160 நாள் பயிர் பொங்கலை ஒட்டி அறுப்புக்கு வரும், மீதி மூன்று மாவில் 130 நாள் ரகத்தைப் பதினைந்து நாள் தள்ளி எடுக்கிற மாதிரி விடுகிறேன். பொங்கல் பக்கம் மழை வராது என்பதில்லை. 2024 ஜனவரி முதல் வாரமும் கொட்டியது. ஒரே மழையில் ஒன்பது மாவும் போகாமல் இருந்தால் போதும் என்ற கணக்கு. உளுந்து விதையில் பாதியைத் தெளிக்கிறேன், பாதியை மறு விதைப்புக்கு வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் கைக்கு எட்டவில்லை. உத்தரவாத மகசூலை, கடந்த ஏழு வருஷத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருஷத்தின் சராசரியிலிருந்து போடுகிறார்கள். ஏழில் இரண்டு கெட்ட வருஷம்தான் வரும் என்று வைத்த கணக்கு. மூன்றாவது வந்தால் அது சராசரிக்குள் புகுந்துவிடும், உத்தரவாதமும் அந்த அளவுக்கு இறங்கும். எங்கள் ஊருக்கு அந்த எண் வருஷா வருஷம் என்னவென்று இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். உங்கள் ஊருக்கும் வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்குங்கள், பிரீமியம் கட்டுவதற்கு முன்னால்.